ஒரு ஆல்பத்தை 'கிளாசிக்' என்று யார் முடிவு செய்வது: ரசிகரா, விமர்சகரா, விருது மேடையா?

செனாயில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து, "செர்ச் போட்டதிலேயே பெஸ்ட் ஆல்பம் எது?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்து பதில் வரும். அந்தப் பதிலுக்கு மறுப்பு அதற்கு அடுத்த மேசையிலிருந்து வரும். நீங்கள் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் பேச்சு உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

(பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தேவாலயத்துக்கும் இந்தக் குழுவுக்கும் சம்பந்தமில்லை. 'தேடல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் பெயர்.)

காரணம் எளிது. செர்ச் இந்தப் பக்கத்துக் குழு. 1981-இல் ஜொகூர் பாருவில் உருவானது. நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் செனாயிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். 1985-இல் 'சிந்தா புவாத்தான் மலேசியா' என்ற முதல் ஆல்பம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாடகர் ஏமியின் குரல் நாடு முழுக்கத் தெரிந்த குரலாகிவிட்டது. 'ராக் கப்பாக்', அதாவது 'கோடாலி ராக்' என்று இன்று சொல்லப்படும் 80-களின் மலாய் ராக் அலையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இதுதான்.

"நாங்க தமிழ்ப் பிள்ளைங்க, மலாய் ராக்கோட எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? வீட்டில் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். தோட்டத்திலும் தாமானிலும் வளர்ந்த அந்தத் தலைமுறையில் பல பேருக்கு இளையராஜா கேசட்டும் செர்ச் கேசட்டும் ஒரே பெட்டியில்தான் கிடந்தன. தவிர, இந்தச் சண்டையைப் புரிந்துகொண்டால் நம்முடைய பாட்டுகளுக்கு என்ன நடக்கிறது என்பதும் புரியும். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு கட்சி, ஒரு பாட்டு

செர்ச் ரசிகர்களின் வாதம் பெரும்பாலும் இரண்டு ஆல்பங்களைச் சுற்றித்தான் நடக்கும். ஒன்று 1987-இல் வந்த 'மெந்தாரி மேரா டி உஃபுக் தீமூர்'. கிழக்கு அடிவானத்தில் சிவந்த சூரியன் என்று பொருள். இன்னொன்று 1989-இல் வந்த 'ஃபெனோமெனா'.

இரண்டாவது ஆல்பத்தில்தான் 'இசபெல்லா' இருக்கிறது. பாப் லோக்மான் வரிகள் எழுதிய அந்தக் காதல் பாட்டு மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவிலும் பெரிய வெற்றி பெற்றது. 1990-இல் அதே பெயரில் ஏமி நடித்த படமே வந்தது. கிட்டார் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு தடவையாவது வாசித்துப் பார்த்த பாட்டு என்று சொன்னால் மிகையில்லை.

இங்கேதான் சிக்கல். 'ஃபெனோமெனா' கட்சி சொல்வது: "ஒரு ஆல்பம் எத்தனை பேரைத் தொட்டதோ அதுதான் அளவு. இந்தோனேசியாவில் போய் ஜெயிச்சது எது?" 'மெந்தாரி மேரா' கட்சி சொல்வது: "ஒரு மெதுவான பாட்டை வைத்து ஆல்பத்தை எடை போடாதே. முழுசா போட்டுக் கேள். ராக் எங்கே இருக்கிறது என்று சொல்." அவர்களைப் பொறுத்தவரை 'இசபெல்லா' வந்த பிறகுதான் எல்லாக் குழுக்களும் கண்ணீர் வடிக்கும் பாட்டுப் பக்கம் திரும்பின. மலாயில் இதற்கு 'ஜிவாங்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. உருகி உருகிப் பாடுவது.

மூன்றாவதாக ஒரு அங்கிள் எழுந்து, "ரெண்டும் கிடையாது, விங்ஸோட 'ஹுக்கும் கர்மா'தான்" என்பார். கோலாலம்பூரில் உருவான விங்ஸ் குழு 1988-இல் வெளியிட்ட ஆல்பம் அது. பாடகர் அவி. செர்ச்சா விங்ஸா என்ற போட்டி நம் ரஜினி - கமல் போட்டி மாதிரிதான். பின்னர் இரண்டு குழுக்களும் 'டபுள் டிரபள்' என்று ஒரே மேடையில் சேர்ந்து பாடியும்கூட, ரசிகர்கள் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

கவனித்துப் பாருங்கள். இவர்கள் சண்டை போடுவது ஒரே கேள்விக்கு இல்லை. ஒருவர் எவ்வளவு தூரம் போனது என்று கேட்கிறார். ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அங்கிள் தன் பதினெட்டு வயதை நினைத்துப் பார்க்கிறார். மூன்று பேர் கையிலும் மூன்று அளவுகோல். அதனால்தான் முடிவதே இல்லை.

அப்போ விமர்சகர்கள் எதற்கு?

"விமர்சகருக்குத்தான் இசை தெரியும், அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாமே" என்று தோன்றலாம். வரலாறு அவ்வளவு சுலபமாக இல்லை.

1969-இல் லெட் ஜெப்பலின் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் ஜான் மெண்டல்சன் எழுதிய விமர்சனம் அதைக் கிட்டத்தட்டக் கிழித்துத் தொங்கவிட்டது. அதே இதழ் 2003-இல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போட்டபோது, அதே ஆல்பம் 29-ஆவது இடத்தில் இருந்தது. 1991-இல் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வெளியானபோது அந்த இதழ் கொடுத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். 2020 பட்டியலில் அது 6-ஆவது இடம்.

விமர்சகர் முட்டாள் என்று இதற்கு அர்த்தமில்லை. விமர்சனம் எழுதப்படும் விதம் அப்படி. ஆல்பம் வெளிவரும் சமயத்தில், சில நாட்களில், சில தடவை கேட்டுவிட்டு எழுத வேண்டும். அந்த ஆல்பம் பிறகு எத்தனை குழுக்களை உருவாக்கப் போகிறது, எத்தனை பேர் அதைக் கேட்டு கிட்டார் வாங்கப் போகிறார்கள் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ரசிகருக்கு முப்பது வருஷம் கிடைக்கிறது. விமர்சகருக்கு ஒரு வாரம்.

எண்கள் இன்னொரு குழப்பம். பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் 0.0 முதல் 10.0 வரை மதிப்பெண் போடும். 2000-இல் ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' ஆல்பத்துக்கு முழுசாக 10.0 கொடுத்தது. கிட்டார் சத்தத்தை எதிர்பார்த்து வாங்கிய ரசிகர்களில் பலர் அப்போது விழித்தார்கள், "இதுவா பத்துக்குப் பத்து?" என்று கேட்டார்கள். இன்று அந்த ஆல்பத்துக்கு எதிராகப் பேசுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதாவது விமர்சகர் எப்போதும் தாமதமாக வருகிறவர் என்றும் சொல்லிவிட முடியாது. சில சமயம் அவர் முதலில் போய் நிற்கிறார், நாம்தான் பிறகு போய்ச் சேர்கிறோம்.

2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் தளம் பல விமர்சனங்களை எடுத்து, எல்லாவற்றையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சராசரி போடுகிறது. சில இதழ்களுக்குக் கூடுதல் எடையும் கொடுக்கிறது. இந்தக் கணக்கில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்பது 60 ஆகிவிடும். மூன்று நட்சத்திரம் போட்டவர் "நல்லா இருக்கு, கேட்கலாம்" என்றுதான் சொன்னார். நூற்றுக்கு 60 என்று பார்க்கிற நமக்கோ பள்ளிக்கூட மார்க் ஞாபகம் வருகிறது. "அறுபதா? அப்போ சுமார்தான்" என்று தாண்டிப் போய்விடுகிறோம். எழுதிய கட்டுரையை யாரும் படிப்பதில்லை. என்னைக் கேட்டால், விமர்சனத்தில் மிகக் குறைவாகப் பயன்படுவது அந்த எண்தான்.

பிட்ச்ஃபோர்க்கையே 2024 ஜனவரியில் அதன் உரிமையாளர் நிறுவனம் 'ஜிகியூ' இதழோடு சேர்த்துவிட்டது. பலர் வேலை இழந்தார்கள். ரசிகர்கள் பல வருஷம் திட்டிய தளம்தான். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று அதிகம் வருத்தப்பட்டவர்களும் அவர்களே.

ரசிகர் ஓட்டு நியாயமானதா?

ஓரளவுக்கு. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு மனதில் ஆழமாகப் பதிகிறது என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருகிற விஷயம். அந்த அங்கிளின் 'ஹுக்கும் கர்மா' அப்படித்தான் முதலிடம் பிடித்தது. உங்களுடைய முதலிடமும் இப்போது அப்படித்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது, இருபது வருஷம் கழித்து ஒரு சின்னப் பையன் வந்து "அதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்கும்போது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, ஓட்டுப் போட வருகிறவர் யார் என்பது. பிடித்தவர்தான் வருவார். ஒரு தடவை கேட்டுப் பிடிக்காமல் போனவர் ஓட்டுப் போடுவதற்கு நேரம் செலவழிக்க மாட்டார். அதனால் சின்னக் குழுவுக்குத் தீவிர ரசிகர்கள் நூறு பேர் இருந்தால் அதன் மதிப்பெண் மிக உயரமாக இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த 'இசபெல்லா' மாதிரி ஒரு பாட்டுக்குத் திட்டுவதற்கும் ஆள் வரும்.

விருது மேடை: கேள்வியை எழுதுகிறவரே பாதி முடிவை எழுதிவிடுகிறார்

சரி, ரசிகருக்குப் பாசம், விமர்சகருக்கு அவசரம். விருதுக் குழு நிதானமாக உட்கார்ந்து முடிவு செய்யுமே?

ராக் ரசிகர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1989 கிராமி விழாவில் ஹார்ட் ராக், மெட்டல் இசைக்கென்று முதல் முறையாக ஒரு பிரிவு வந்தது. மெட்டாலிக்கா அன்று மேடையில் வாசிக்கவும் செய்தது. விருது ஜெத்ரோ டல் குழுவுக்குப் போனது. புல்லாங்குழல் வாசிக்கும் பாடகரைக் கொண்ட, நாட்டுப்புறச் சாயல் உள்ள ராக் குழு. அரங்கத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. 1992-இல் மெட்டாலிக்கா ஒரு கிராமி வாங்கியபோது, இந்த வருஷம் ஆல்பம் போடாததற்காக ஜெத்ரோ டல் குழுவுக்கு நன்றி என்று டிரம்மர் லார்ஸ் உல்ரிக் கிண்டலடித்தார்.

கனடாவின் ரஷ் குழு கதை இன்னும் நீளம். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர, முதல் ஒலிப்பதிவு வெளியாகி 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 90-களின் கடைசியிலேயே ரஷ் அந்தத் தகுதிக்கு வந்துவிட்டது. உள்ளே எடுத்தது 2013-இல். நடுவில் கழிந்த ஆண்டுகளில் ரசிகர்கள் எழுதிய கோபக் கடிதங்களைச் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம்.

நம் பக்கம் வருவோம். 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதில், சிறந்த இசைக்கு 'தேவர் மகன்' இளையராஜாவும் 'ரோஜா' ஏ.ஆர். ரஹ்மானும் சமமான வாக்குகள் பெற்றார்கள். நடுவர் குழுத் தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் வாக்கை முதல் படம் செய்த ரஹ்மானுக்குப் போட்டார். 'மூடுபனி' தொடங்கித் தன் படங்களுக்கு இளையராஜாவையே நம்பிய இயக்குநர் அவர். ஒரே ஒரு ஓட்டு. முப்பது வருஷத்துக்கும் மேலாக ராஜா ரசிகர்களும் ரஹ்மான் ரசிகர்களும் அந்த ஒரு ஓட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தது. எல்லோருக்கும் பெருமை. கூடவே ஒரு முணுமுணுப்பு: "இதை விடப் பத்து மடங்கு நல்ல ஆல்பம் அவர் போட்டிருக்காரே?" ரசிகர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆஸ்கர் கேட்ட கேள்வி 'ரஹ்மானின் சிறந்த ஆல்பம் எது' என்பது இல்லையே. அந்த வருஷம் போட்டியில் இருந்த படங்களில் எது என்பதுதான். கேள்வி சிறியது, நாம் பதிலைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. டிவி3 நடத்தும் 'அனுகெரா ஜுவாரா லாகு' 1986 முதல் இருக்கிறது. பலர் அதைப் பாடகர் போட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் பரிசு பாட்டுக்கு. அதாவது இசையமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும். முதல் 'மலேசியன் ஐடல்' பட்டத்தை 2004-இல் வென்ற ஜாக்லின் விக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ஆம் ஆண்டுக்கான போட்டியில் அவர் பாடிய 'கெமிலாங்' வென்றது. நம் இந்தியப் பெண் ஜெயித்துவிட்டார் என்று பல வீடுகளில் கொண்டாட்டம். கொண்டாடியது தப்பில்லை, அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு கிடையாது. ஆனால் பரிசு எதற்கு என்பதை விதிகளைப் படித்தால்தான் தெரியும்.

மொழி நுழைந்தபோது

விதிகள் எவ்வளவு முக்கியம் என்பது 2015 கடைசியில் எல்லோருக்கும் புரிந்தது. மலேசிய இசைத் துறையின் பெரிய விருதான ஏஐஎம், 22-ஆவது முறையாக நடக்கவிருந்த நேரம். முக்கியப் பிரிவுகள் மலாய்ப் பாட்டுகளுக்கு என்றும், மற்ற மொழிகளில் பாடிய மலேசியர்களுக்குத் தனிப் பிரிவு என்றும் பிரிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது.

பெரிய எதிர்ப்பு எழுந்தது. கலைஞர்கள் சிலர் விலகிக்கொள்வதாக அறிவித்தார்கள். "ஒரே நாட்டில், ஒரே ஸ்டூடியோவில், ஒரே டிரம்மரை வைத்துப் பதிவு செய்த இரண்டு பாட்டுகள் மொழியால் மட்டும் எப்படி வேறு வேறு போட்டிக்குப் போகும்?" என்பதுதான் அடிப்படைக் கேள்வி. ஏற்பாடு செய்த ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ரிம் கடைசியில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

மறுபக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். தேசிய மொழியில் உருவாகும் இசைக்குத் தனி ஊக்கம் வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அதுவும் ஒரு நியாயம். ஆனால் தமிழில் பாடும் ஒரு மலேசியக் கலைஞரின் இடத்திலிருந்து பாருங்கள். தனிப் பிரிவு இருந்தால் ஒரு கோப்பை வீட்டுக்கு வரும் வாய்ப்பு அதிகம். பொதுப் பிரிவில் நின்றால் வாய்ப்பு குறைவு, ஆனால் 'நாட்டின் சிறந்த பாட்டு' என்ற வரிசையில் பெயர் இருக்கும். எது வேண்டும்? என் நண்பர்களிடம் கேட்டால் பாதிப் பேர் ஒன்று சொல்கிறார்கள், பாதிப் பேர் இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. தோற்றாலும் பரவாயில்லை, ஒரே வரிசையில் நின்று தோற்க வேண்டும்.

அங்கீகாரம் என்பது கோப்பை மட்டும் இல்லை என்பதற்கு செர்ச் குழுவே சாட்சி. 1992-இல் தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்று தடை கொண்டுவந்தார். நாட்டின் முன்னணிக் குழுக்களுக்கே திரை மூடப்பட்டது. ஆல்பத்தின் தரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பேச்சு முடியைப் பற்றி மட்டும்தான். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியும் வானொலியும் விட்டால் பாட்டைக் கொண்டு சேர்க்க வேறு வழி குறைவு. கடைசியில் கத்திரிக்கோல்தான் ஜெயித்தது.

அலிகேட்ஸ், யோகி பி, ஒரு காலியான பக்கம்

தமிழர்கள் இந்த நாட்டு இசையில் எப்போதோ வந்துவிட்டார்கள். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழுவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிச்சயம் தெரியும். ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துப் பழகி, 70-களின் பிற்பகுதியிலிருந்து மலாய் ஆல்பங்கள் போட்டு, நாடு முழுக்க எல்லா இனத்தவரும் பாடும் பாட்டுகளைக் கொடுத்தவர்கள். அந்தப் பெரிய ஆஃப்ரோ முடியை யார் மறப்பார்? எம். நசிர் அவர்களுக்குப் பாட்டுகள் எழுதியிருக்கிறார். செர்ச் ரசிகர்களுக்கும் நன்றாகத் தெரிந்த பெயர்தான். லோகநாதன் 2007-இல் மறைந்தபோது துக்கம் எல்லா மொழியிலும் இருந்தது.

அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது மலாயில் பாடியதால். தமிழில் பாடியவர்களுக்கு?

2006-இல் யோகி பி அண்ட் நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்து தமிழில் போட்ட ஹிப்ஹாப் ஆல்பம். ராக் இல்லைதான், ஆனால் இந்த வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆல்பம் நம்மிடம் இல்லை. தமிழில் ராப் என்றாலே படத்தில் ஒரு நிமிஷம் வந்து போகும் வேடிக்கை என்று இருந்த காலம். முழு ஆல்பமாக, மலேசியப் பசங்களின் தமிழில், வெட்கப்படாமல் வந்தது. மறு வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. பிறகு 'விவேகம்' வரைக்கும் போனது.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். இங்குள்ள ஒரு கலைஞரைப் பற்றிப் பேசும்போது "சென்னையில் பாடியிருக்கார்" என்று சொன்னால்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். 'இசபெல்லா' ரசிகர் இந்தோனேசியாவைக் காட்டுவது மாதிரியே நாம் சென்னையைக் காட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டினால்தான் நம் பிள்ளை கெட்டிக்காரன். 'வல்லவன்' ஆல்பத்தை யோகி பியின் சென்னைப் பயணத்துக்கு முன்னுரையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அது நடந்தது கோலாலம்பூரில், இங்குள்ள பசங்களின் காதுகளில்.

இப்போது ஒரு சோதனை. அந்த ஆல்பத்தைப் பற்றிப் பாட்டு பாட்டாக, என்ன செய்திருக்கிறார்கள், எங்கே சரியாக வந்தது, எங்கே சறுக்கியது என்று தமிழில் எழுதிய ஒரு முழு விமர்சனத்தை நீங்கள் படித்ததுண்டா? 'வல்லவன்' வேண்டாம். கடந்த ஐந்து வருஷத்தில் வந்த ஏதாவது ஒரு மலேசியத் தமிழ் ஆல்பத்தைப் பற்றி?

விழாச் செய்தி படித்திருப்பீர்கள். யார் வந்தார், யார் தலைமை தாங்கினார், யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதெல்லாம் வரும். மின்னல் எஃப்எம்மிலும் ராகாவிலும் உள்ளூர்ப் பாட்டுகளுக்கு நேரம் கிடைக்கிறது, பேட்டியும் வருகிறது. பேட்டியில் "இந்த ஆல்பம் உருவான அனுபவம் எப்படி?" என்று கேட்பார்கள். டிரம் சத்தம் ஏன் இவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். நம் சமூகம் சின்னது, நாளைக்கு ஒரே கல்யாணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குறை சொன்னால் "உள்ளூர்க் கலைஞரை ஆதரிக்காமல் இப்படியா?" என்ற பேச்சு வந்துவிடும். ஆதரவு நிறைய இருக்கிறது. கூர்ந்து கேட்டு எழுதுகிறவர் மிகக் குறைவு. ரோலிங் ஸ்டோன் லெட் ஜெப்பலினைத் திட்டியதாவது எழுத்தில் இருக்கிறது. 34 வருஷம் கழித்து அதே இதழே மாற்றிச் சொல்ல முடிந்தது. எழுதவே படாத கருத்தை யார் வந்து திருத்துவது?

சென்னையிலும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் கேட்டது. செய்திகள் அவர்கள் பேசிய அரசியலைப் பற்றி நிறைய எழுதின, எழுத வேண்டியதுதான். கானாவின் தாளத்தோடு எலெக்ட்ரிக் கிட்டாரை எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்.

கூர்ந்து கேட்டால் என்ன கிடைக்கும்?

ஒரு சின்ன உதாரணம். 'வல்லவன்' ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு 'மடை திறந்து'. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியதை எடுத்து அதன் மேல் ராப் செய்திருக்கிறார்கள். "பழைய பாட்டை ரீமிக்ஸ் பண்ணிட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

கொஞ்சம் நின்று பாருங்கள். படத்தில் அந்தப் பாட்டு வாய்ப்புத் தேடும் ஒரு இளம் இசைக்கலைஞனின் கனவு. தன் இசை ஒருநாள் ஊரெல்லாம் ஒலிக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்கும் இடம். ஆயிரம் ராஜா பாட்டுகள் இருக்க, மூன்று மலேசியப் பசங்க தங்கள் வருகையை அறிவிக்கத் தேர்ந்தெடுத்தது அதைத்தான். பாட்டின் பொருளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். நீங்கள் மறுக்கலாம்: "மெட்டு பிடிச்சிருந்தது, எடுத்தாங்க, அவ்வளவுதான்" என்று. நல்லது. இப்போது நமக்குள் சண்டை போட ஒரு உருப்படியான விஷயம் கிடைத்திருக்கிறது. 'மாஸ்', 'வேற லெவல்', 'ஓவர் ரேட்டட்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

செர்ச் ரசிகர்கள் இதில் நமக்கு முன்னோடி. அவர்களிடம் பேசிப் பார்த்தால், எந்த ஆல்பத்தில் யார் கிட்டார், எப்போது ஆள் மாறியது, கேசட்டின் முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். கேசட் உறையில் எல்லாப் பெயர்களும் அச்சாகியிருக்கும், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியிலேயே படித்து முடித்துவிடுவார்கள். இன்று நாம் ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் உள்ளூர்த் தமிழ்ப் பாட்டில் யார் மிக்ஸ் செய்தது, யார் பேஸ் வாசித்தது என்று பல நேரங்களில் எங்கேயும் இருக்காது. பாடகர் பெயரும் ஒரு படமும்தான் மிச்சம். அந்தக் கலைஞருக்கே ஒரு செய்தி போட்டுக் கேட்டுவிடலாம். பெரும்பாலும் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், ஏனென்றால் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் 25 ஆண்டுக் கணக்கை 'வல்லவன்' ஆல்பத்துக்குப் போட்டுப் பார்த்தால் 2031 வருகிறது. அப்போது செனாயில் ஏதோ ஒரு மாமாக் கடையில், இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன் "மலேசியத் தமிழில் பெஸ்ட் ஆல்பம் எது?" என்று கேட்பான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அங்கிள் நீங்கள்தான்.